லொரெட்டா லின்னை உருவாக்கியது கணவர்தானா?

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2023

கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகி லொரெட்டா லின்னின் வாழ்க்கையை வைத்து 1980இல் வந்த படத்தை நேற்றுதான் பார்த்தேன். கிடார் வாங்கிக் கொடுத்தது கணவர். மேடையில் ஏற்றியது கணவர். ரேடியோ நிலையம் நிலையமாகக் கார் ஓட்டிக் கூட்டிப் போனதும் கணவர். அந்த டூலிட்டில் இல்லையென்றால் லொரெட்டா வீட்டில் துணி துவைத்துக்கொண்டே இருந்திருப்பார். அவரை உருவாக்கியது கணவர்தான் என்று சொன்னால் தப்பா?

4 மார்ச், இரவு

நீங்கள் சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தவைதான். அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த இடத்தைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1948 ஜனவரியில் கல்யாணம். சீக்கிரமே கென்டக்கி மலையை விட்டு, நாட்டின் அந்தக் கோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற ஊருக்குப் போனார்கள். இருபது வயது முடிவதற்குள் கையில் நான்கு குழந்தைகள். பிள்ளைகளைத் தூங்கவைக்க லொரெட்டா பாடுவதை டூலிட்டில் கேட்டுக்கொண்டே இருந்தவர். 1953இல் சியர்ஸ் கடையில் பதினேழு டாலருக்கு ஒரு ஹார்மனி கிடார் வாங்கிக் கொடுத்தார். அதை லொரெட்டா யாரிடமும் போய்க் கற்கவில்லை, தானே தடவித் தடவிப் பழகிக்கொண்டார். அப்புறம் உள்ளூர் மன்றங்களில் பாட்டு, தம்பி ஜே லீ வாசிக்க ஒரு குழு, டகோமாவில் பக் ஓவன்ஸ் நடத்திய டிவி நிகழ்ச்சி. அங்கிருந்து ஸீரோ ரெகார்ட்ஸ் என்ற சின்ன கம்பெனி. 1960 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்’ பதிவானது.

கம்பெனிக்கு விளம்பரம் செய்ய வசதி இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் இசைத்தட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு, வழியில் கண்ணில் படும் ரேடியோ நிலையம் ஒவ்வொன்றிலும் இறங்கி, ‘இதைப் போடுங்கள்’ என்று கேட்டார்கள். ரொட்டிக்குள் இறைச்சித் துண்டை வைத்துத் தின்றுகொண்டு காரிலேயே தூங்கினார்கள். பில்போர்டு பத்திரிகை போடும் கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் பாட்டு 14ஆம் இடம் வரை ஏறியது. கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் வந்த முதல் ராத்திரி ரைமன் அரங்கத்துக்கு வெளியே காரை நிறுத்தி அதிலேயே படுத்தார்கள். 1960 அக்டோபர் 15ஆம் தேதி அதே அரங்கத்தில், ரேடியோவில் ஒலிபரப்பாகும் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில் லொரெட்டா பாடினார்.

இதில் டூலிட்டிலின் பங்கை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்த இசைத்தட்டில் இருந்த பாட்டு யாருடையது? லொரெட்டாவே எழுதியது. ஒரு மதுக்கடையில் ஒரு பெண் பீர் குவளையின் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எழுதியது. காரை அவர் ஓட்டினார், சரி. காரில் ஏற்றிக்கொண்டு போன சரக்கு இவருடையது.

5 மார்ச், காலை

படம் என்றதால் ஒரு திருத்தம். படத்தில் லொரெட்டாவுக்குக் கல்யாணத்தின்போது பதின்மூன்று வயது. சுயசரிதையிலும் அப்படித்தான் இருக்கிறது, பல ஆண்டுகள் எல்லோரும் அதையே திரும்ப எழுதினார்கள். 2012இல் அசோசியேட்டட் பிரஸ் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தது. பிறந்தது 1932 ஏப்ரல் 14. அப்படியென்றால் கல்யாணத்தின்போது பதினைந்து வயதும் சில மாதங்களும். டூலிட்டில் அப்போதே உலகப் போருக்குப் போய்த் திரும்பி வந்த ஆள். பதின்மூன்று இல்லை பதினைந்துதான் என்று பெருமூச்சு விட என்னால் முடியவில்லை. பதினைந்தும் குழந்தைதான்.

இருவரும் சந்தித்தது பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு விழாவில். பெண்கள் பை என்கிற இனிப்புப் பண்டத்தைச் செய்து கொண்டுவருவார்கள், ஆண்கள் ஏலம் எடுப்பார்கள். டூலிட்டில் லொரெட்டாவின் பையை ஏலம் எடுத்தார். சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்திருந்தது! அதைத் தின்ற பிறகும் ஒரே மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டார் என்றால் அந்த ஆளுக்கும் ஒரு மனசு இருந்திருக்கிறது.

5 மார்ச், இரவு

நான் ஏன் இவ்வளவு தூரம் மல்லுக்கு நிற்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் இருப்பது கென்டக்கியில், லெக்சிங்டனில். மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனைப் பிரிவில் வேலை. கிழக்கே மலை மாவட்டங்களிலிருந்து ஆட்கள் எங்களிடம் வருவார்கள். அவர்கள் பேசும் பேச்சில்தான் லொரெட்டா என்ற பெயரை முதலில் கேட்டேன். ஒரு பாடகியைப் பற்றிப் பேசுகிற தொனி அதில் இல்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்.

அதனால் அவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனேன். மவுன்டன் பார்க்வேயைப் பிடித்துக் கிழக்கே போக வேண்டும். பெயின்ட்ஸ்வில் வழியாகப் போகும் 23ஆம் எண் நெடுஞ்சாலைக்கே கன்ட்ரி மியூசிக் ஹைவே என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கிறது. அந்த ஓரத்து மாவட்டங்களிலிருந்து அத்தனை பாடகர்கள் வந்திருக்கிறார்கள். வான் லியர் தாண்டினால் சாலை ஒடுங்கிக்கொண்டே போகும். இரண்டு மலைக்கு நடுவில் ஓர் ஓடை, ஓடைக்குப் பக்கத்தில் ஒரு வண்டி மட்டும் போகிற பாதை. அதுதான் புச்சர் ஹாலர்.

வீடு சரிவில் நிற்கிறது. மரப்பலகை வீடு, முன்னால் திண்ணை. எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த இடமா இது என்று தோன்றும் அளவுக்குச் சின்னது. குளிர்காற்று பலகை இடுக்கில் நுழையாமல் இருக்க அம்மா கிளாரா சுவர் முழுக்கப் பத்திரிகைத் தாள்களை ஒட்டிவைப்பாராம். அப்படி ஒட்டிய ஒரு படத்தில் சிரித்துக்கொண்டிருந்த நடிகை லொரெட்டா யங். மகளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

ஓர் அம்மா, காற்றை அடைக்க ஒட்டிய தாளிலிருந்து மகளுக்குப் பெயர் எடுத்திருக்கிறார். டூலிட்டில் வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் நடந்தது இது. பாட்டும் அந்த வீட்டில் அப்போதே இருந்தது. சனிக்கிழமை ராத்திரிகளில் பேட்டரி ரேடியோவில் கிராண்ட் ஓல் ஆப்ரி கேட்ட வீடு அது. பிள்ளைகள் பலர் பாடினார்கள். ஜே லீ, பெகி சூ, கடைசித் தங்கை கிரிஸ்டல் கேல், மூவருமே பிற்பாடு இசைத்தட்டு போட்டவர்கள். டூலிட்டில் அவர்கள் எல்லோருக்குமா கிடார் வாங்கிக் கொடுத்தார்?

8 மார்ச்

அப்பா டெட் வெப் பகலில் நிலத்தில் வேலை செய்வார், ராத்திரி ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்குவார். கன்சாலிடேஷன் கம்பெனியின் ஐந்தாம் எண் சுரங்கம். நிலக்கரித் தூசு நுரையீரலைத் தின்றது. 1959இல், ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார். மகள் ஆப்ரி மேடையில் ஏறியதைப் பார்க்கவில்லை.

எங்கள் பிரிவுக்கு வரும் பழைய சுரங்கத் தொழிலாளிகளின் உடம்பைப் பார்த்தாலே தெரியும். நெற்றியிலும் கையிலும் நீல நிறத்தில் சின்னச் சின்னத் தழும்புகள். கல் பட்டுக் கீறிய காயத்துக்குள் கரித்தூசு புகுந்து, தோல் அதன்மேல் மூடிக்கொண்டுவிடும். பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாக நின்றுவிடும். குழாயை வாயில் வைத்து, ‘ஆழமா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க’ என்று சொல்வேன். ஆறு நொடியாவது ஊத வேண்டும். இரண்டாவது நொடியிலேயே முகம் சிவந்து இருமல் வந்துவிடும். திரையில் கோடு ஏறுவதற்குள் சரியும். கூட வந்த மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். கரி படலம் மெலிந்துபோய்ப் பாறையையும் சேர்த்து வெட்டுவதால் சிலிக்கா தூசு அதிகம், நாற்பது வயதுக்காரர்களுக்கே முற்றிய நோய் வருகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டைக் கேட்டபோது அது எனக்கு வேறு பாட்டாக இருந்தது. அதில் எங்கேயும் அழுகை இல்லை. துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரலில் ரத்தம் வரும், குளிர்காலம் வந்தால் பன்றியை விற்றுப் பிள்ளைகளுக்குச் செருப்பு வரும், கோடையில் வெறுங்கால். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் கூடவே நடக்கும். திரும்பத் திரும்ப வந்து நிற்க ஒரு பல்லவிகூடக் கிடையாது, கதைதான் ஓடும். முதலில் எழுதியது இன்னும் நீளம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, ரேடியோவுக்கு இது அதிகம் என்று சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டிய சரணங்கள் தொலைந்தே போயின. அந்தச் சரணங்களில் என்ன இருந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

8 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அந்தப் பாட்டு பதிவானது 1969 அக்டோபர். சுரங்கப் பாதுகாப்புக்கும் நுரையீரல் நோய் நஷ்டஈட்டுக்கும் அமெரிக்காவில் பெரிய சட்டம் வந்தது அதே ஆண்டு டிசம்பர் 30. பாட்டு வெளியாகி முதலிடம் பிடித்தது 1970 டிசம்பர். அதே மாதம் 30ஆம் தேதி, சட்டம் வந்து சரியாக ஒரு வருஷம் ஆன அன்று, கென்டக்கியில் ஹைடன் பக்கத்துச் சுரங்கம் ஒன்று வெடித்து 38 பேர் செத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக லொரெட்டா லூயிவில்லில் கச்சேரி நடத்தினார். ரேடியோவில் ‘சுரங்கத் தொழிலாளி மகள்’ என்று பாடிக்கொண்டு இருந்தவருக்கு அது யாரோ ஊரார் வீட்டுச் சாவு அல்ல.

9 மார்ச்

‘கன்ட்ரி பாட்டு என்றாலே குடிகாரன் புலம்பல்தானே’ என்று எழுதியவருக்கு: ஆமாம், குடிகாரனின் புலம்பல் நிறைய உண்டு. குடிகாரனின் பெண்டாட்டி பேசத் தொடங்கியதுதான் விசேஷம். 1952இல் கிட்டி வெல்ஸ் பாடிய ஒரு பாட்டு, கெட்டுப்போன பெண்களுக்குக் காரணம் ஆண்கள்தான் என்று திருப்பிச் சொன்னது. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. லொரெட்டாவின் குருநாதர் கிட்டி வெல்ஸ்தான், ஆரம்பகாலப் பாட்டுகளில் அந்தக் குரலின் சாயலே இருக்கும். ஆனால் கிட்டி வெல்ஸின் பெண் வருத்தப்படுவாள். லொரெட்டாவின் பெண் வாசலில் நின்று சண்டை போடுவாள்.

11 மார்ச்

சரி, கேள்விக்குத் திரும்பி வருகிறேன். டூலிட்டில் இல்லாவிட்டால் லொரெட்டா இல்லை என்பதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தத்தில் நானும் ஒத்துக்கொள்வேன்.

அவர் குடிப்பார். வேறு பெண்களிடம் போவார். கை நீட்டுவார். ஓர் அடி வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று லொரெட்டாவே சொல்லியிருக்கிறார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதற்காக நாமும் சிரித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. அந்த வீட்டில் நடந்தது அத்தனையையும் அவர் பாட்டாக்கினார். ‘டோன்ட் கம் ஹோம் எ-டிரிங்கின்’: குடித்துவிட்டு வந்து கொஞ்ச நினைக்காதே என்று புருஷனிடம் நேரடியாகச் சொல்கிற பாட்டு. தங்கை பெகி சூவோடு சேர்ந்து எழுதியது, 1967இல் லொரெட்டாவின் முதல் முதலிடம். ‘ஃபிஸ்ட் சிட்டி’, 1968: டென்னசியில் இவர் ஊர் ஊராகப் பாடப் போயிருந்த நேரம் டூலிட்டிலுக்குக் கண்காட்டிய ஒரு பெண்ணுக்கு, ‘என் கை உன் முகத்தில் இறங்கும்’ என்று அனுப்பிய எச்சரிக்கை. அதுவும் முதலிடம்.

‘யூ எய்ன்ட் உமன் எனஃப்’ பிறந்த கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு பெண் மேடைக்குப் பின்புறம் வந்து அழுதாளாம். புருஷன் இன்னொருத்தியை முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறான், அவனை அவள் பறித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று. லொரெட்டா திரைச்சீலை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். பளபளவென்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து, ‘உன் புருஷனைப் பறிக்கிற அளவுக்கு அவள் ஒன்றும் பெரிய பொம்பளை இல்லை’ என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறையில் அந்த வாக்கியத்தையே பாட்டாக்கினார். 1966இல் இரண்டாம் இடம் வரை போனது. கண்ணீரோடு வந்த பெண் கையில் ஓர் ஆயுதத்தோடு திரும்பிப் போயிருப்பாள்.

கணவரைப் பற்றி இப்படிப் பாடியபோது கணவர் எங்கே இருந்தார்? பெரும்பாலும் அங்கேயேதான். அவர் தடுக்கவில்லை, அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அடுப்பில் வெந்ததையும் சமைத்தவரையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

12 மார்ச்

கருத்தடை மாத்திரைப் பாட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

‘தி பில்’. எழுதியவர்கள் வேறு ஆட்கள், பாடியது லொரெட்டா. வருஷாவருஷம் பிள்ளை பெற்றுப் பெற்றுச் சலித்த ஒரு மனைவி, இனிமேல் மாத்திரை இருக்கிறது, நானும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வெளியே போவேன் என்று புருஷனிடம் சொல்கிறாள். பதிவு 1972இல் முடிந்தது. கம்பெனி பயந்துபோய்ப் பெட்டிக்குள் வைத்திருந்து 1975இல்தான் வெளியிட்டது. பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன. கென்டக்கியில் ஒரு பாதிரியார் பிரசங்கத்திலேயே கண்டித்தார். அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம். எல்லா வகைப் பாட்டுகளும் சேர்ந்த பொதுப் பட்டியலிலும் 70ஆம் இடம் வரை ஏறியது, தனிப்பாட்டாக அவர் அங்கே தொட்ட அதிகபட்ச உயரம் அதுதான்.

நாங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை உன் பாட்டு செய்தது என்று கிராமத்து டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாக லொரெட்டா சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். சுகாதாரத் துறையின் தாளை நோயாளிகள் எப்படி நாலாக மடித்துப் பையில் திணிக்கிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆறு பிள்ளை பெற்றவள் ஒருத்தி ரேடியோவில் சொன்னால் அது வேறு.

இதைப் பாடியவர் மேடைப் பேச்சுப் புரட்சிக்காரி இல்லை. பெண்ணுரிமை இயக்கத்தோடு தன்னைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. விவாகரத்தான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று ‘ரேட்டட் எக்ஸ்’ எழுதினார். வியட்நாமுக்குப் புருஷனை அனுப்பியவளின் மனசை 1966லேயே ‘டியர் அங்கிள் சாம்’ என்று எழுதினார். தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதை எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

13 மார்ச்

அவரை உருவாக்கியவர்கள் பட்டியல் போடுவதென்றால் பாடகி பேட்ஸி கிளைன் பெயரை எங்கே போடுவீர்கள்?

1961 ஜூனில் பேட்ஸி கார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாஷ்வில்லில் பாடகர் எர்னஸ்ட் டப்பின் இசைத்தட்டுக் கடையிலிருந்து ஒலிபரப்பான நள்ளிரவு நிகழ்ச்சியில் லொரெட்டா, பேட்ஸியின் பாட்டையே பாடி, படுக்கையில் இருக்கும் அவருக்கு என்று சொன்னார். பேட்ஸி அதைக் கேட்டுவிட்டுக் கணவரை அனுப்பி லொரெட்டாவைக் கூட்டிவரச் செய்தார். அப்போது பேட்ஸி பெரிய நட்சத்திரம். இவர் கௌபாய் உடுப்பு போட்ட மலைநாட்டுப் பெண். எப்படி உடுத்துவது, மேடையில் எப்படி ஏறி இறங்குவது, காசு விஷயத்தில் எப்படி ஏமாறாமல் இருப்பது என்று பேட்ஸி சொல்லிக் கொடுத்தார். கையில் காசில்லாத நாட்களில் கொடுத்தும் உதவினார். வேறு சில பாடகிகள் இந்தப் புதுப் பெண் எதற்கு அடிக்கடி ஆப்ரியில் வருகிறாள் என்று கூட்டம் போட்டபோது, அந்தக் கூட்டத்துக்கே லொரெட்டாவைக் கையோடு அழைத்துப் போனார் பேட்ஸி. அதோடு பேச்சு அடங்கியது.

1963 மார்ச் 5, விமான விபத்தில் பேட்ஸி இறந்தார். பழகியது இரண்டு வருஷம்கூட இல்லை. அடுத்த ஆண்டு லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயர் வைத்தார். 1977இல் ஒரு முழு ஆல்பமே அவர் நினைவாகப் போட்டார்.

13 மார்ச், பிற்பாடு

1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது லொரெட்டாவுக்கு. அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அந்தக் காலத்தில்தான் கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடுக்கு மேடையில் விருது கொடுக்க வேண்டி வந்தது. டிவியில் போகிறது, அவரைக் கட்டிப்பிடிக்காதே, தள்ளி நில் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்களாம். லொரெட்டா கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தார்.

16 மார்ச்

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நாஷ்வில்லில் லொரெட்டாவைத் தூக்கிவிட்டவர்கள் பாடகர்களான வில்பர்ன் சகோதரர்கள். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் வாங்கித் தந்தார்கள், தங்கள் டிவி நிகழ்ச்சியில் பாடவைத்தார்கள். எல்லாம் நல்லது. அதோடு அவர் எழுதும் பாட்டுகளின் பதிப்புரிமை அவர்களுடைய ஷூர்-ஃபயர் மியூசிக் கம்பெனிக்கு என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் லொரெட்டா அவர்களை விட்டுப் பிரிந்தார். உரிமையைத் திரும்ப வாங்க ஆண்டுக்கணக்காக வழக்கு நடத்தினார், கிடைக்கவில்லை. புதுசாக எழுதினாலும் அவர்களுக்குத்தான் போகும் என்ற நிலை. அதனால் எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சுயசரிதை 1976இல் வருகிறது, படம் 1980இல் வருகிறது, அதில் லொரெட்டாவாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசக்குக்கு ஆஸ்கர் கிடைக்கிறது. பாடகர் கான்வே ட்விட்டியோடு பாடிய ஜோடிப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடம். உலகத்துக்கே லொரெட்டாவைத் தெரிகிறது. அந்த உச்சத்தில் அவர் பாடியது பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய பாட்டு. நல்ல பாட்டுகளும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘ஃபிஸ்ட் சிட்டி’ எழுதிய கை சும்மா இருந்தது.

அவரை உருவாக்கியது யார் என்று கேட்பவர்கள் கிடாரையும் காரையும் ஒப்பந்தத்தையும் பார்க்கிறார்கள். என் கேள்வி, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யார் என்பது. நாற்பது வயதில், எழுத்து கூர்மையாக இருந்த நேரம், பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் எழுதாமல் போன பாட்டுகளை இனி யார் கேட்க முடியும்? படத்தில் இதற்கு ஒரு காட்சிகூட இல்லை. டூலிட்டில் கிடாரைக் கொடுக்கும் காட்சி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம்.

17 மார்ச்

நேற்று எழுதியதில் டூலிட்டிலுக்கு நான் இடமே கொடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார். யோசித்தேன். இடம் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் அதை லொரெட்டாவே கொடுத்துவிட்டார்.

டூலிட்டில் 1996இல் இறந்தார். நாற்பத்தெட்டு வருஷக் குடும்பம். கடைசிக் காலத்தில் லொரெட்டா மேடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1984இல், மூத்த மகன் ஜாக் பென்னி, டென்னசி மாநிலத்து ஹரிக்கேன் மில்ஸில் அவர்களுடைய பண்ணை பக்கத்து ஆற்றில் மூழ்கிப் போயிருந்தார். அடிமேல் அடி.

2004இல், எழுபத்திரண்டு வயதில், ‘வான் லியர் ரோஸ்’ வந்தது. தயாரித்தவர் ராக் குழு நடத்திய ஜாக் ஒயிட். அவர் தன் குழுவின் 2001 ஆல்பத்தையே லொரெட்டாவுக்குக் காணிக்கை ஆக்கியவர், ‘ரேட்டட் எக்ஸ்’ பாட்டைப் பாடியும் இருக்கிறார். இந்த ஆல்பத்தின் பாட்டுகள் லொரெட்டா எழுதியவை. எழுத்து மறுபடியும் வந்துவிட்டது! இரண்டு கிராமி கிடைத்தது.

அதில் ‘மிஸ் பீயிங் மிஸஸ்’ என்று ஒரு பாட்டு. கூட ஒரு கிடார் மட்டும். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொண்டேன், ஒருவருக்கு மனைவியாக இருந்ததற்கு ஏங்குகிறேன் என்று ஒரு கிழவி பாடுகிறாள். அதே ஆல்பத்தில் ‘ஃபேமிலி ட்ரீ’ இருக்கிறது. பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு புருஷனின் கள்ளக்காதலி வீட்டு வாசலில் போய் நின்று, என் குடும்பத்தை எரிக்கும் பெண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்ட வந்தேன் என்கிறாள். ஒரே ஆளைப் பற்றி ஒரே இசைத்தட்டில் இரண்டையும் சொன்னார். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை. டூலிட்டிலுக்குத் தரவேண்டிய இடம் எவ்வளவு என்பதை அவரைவிடத் துல்லியமாக நான் சொல்ல முடியாது.

19 மார்ச்

எங்கே தொடங்குவது என்று கேட்டவருக்கு. முதலில் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’. அப்புறம் ‘ஃபிஸ்ட் சிட்டி’, அப்புறம் நேராக ‘வான் லியர் ரோஸ்’ முழுவதும். கான்வே ட்விட்டியோடு பாடிய ‘லூசியானா உமன், மிசிசிப்பி மேன்’ சந்தோஷமாகக் கேட்க வேண்டிய பாட்டு, சமையல் செய்யும்போது போடுங்கள்.

தங்கை கிரிஸ்டல் கேலையும் கேளுங்கள், ஆனால் அக்காவைத் தேடாதீர்கள். நான் பாடுவதுபோலப் பாடினால் உன்னை என்னோடு ஒப்பிட்டே முடித்துவிடுவார்கள், வேறு வழியில் போ என்று சொன்னது அக்காதான். கிரிஸ்டல் என்ற பெயரைக் கொடுத்ததும் அக்காதான், வழியில் தெரிந்த ஒரு பர்கர் கடையின் பலகையைப் பார்த்து! அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்.

20 மார்ச்

கடைசிக் காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2013இல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். 2017 மே மாதம் பக்கவாதம், அதோடு கச்சேரிப் பயணங்கள் நின்றன. அடுத்த ஜனவரியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆனால் 2018இல் ஒன்று, 2021இல் ஒன்று என்று ஆல்பம் வந்தது. 2021இல் வந்தது ஐம்பதாவது, தயாரித்தவர்களில் மகள் பேட்ஸியும் ஒருவர். 2022 அக்டோபர் 4, ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில், தூக்கத்தில் இறந்தார். தொண்ணூறு வயது.

மறுநாள் எங்கள் பிரிவுக்கு ஒரு வயதான அம்மா கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். செய்தி கேட்டீர்களா என்றேன். கேட்டேன் என்றார். கணவருக்கு மூக்குக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, 1975இல் ‘தி பில்’ ரேடியோவில் வந்தால் மாமியார் எழுந்து வந்து அணைத்துவிடுவார், அவர் தோட்டத்துக்குப் போனதும் நான் மறுபடி போடுவேன் என்று சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இரண்டு, போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்றார். கணவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ‘முடிவு செய்ததை என்னிடம் சொன்னது அடுத்த வருஷம்’ என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது, பரிசோதனையைப் பத்து நிமிடம் தள்ளிவைத்தேன்.